கதை கேட்கும் குழந்தைக்குத் துணிவு வருமா?

பயந்த சுபாவமுள்ள பிள்ளை துணிவு பெறவும், கோபத்தில் கத்துகிற பிள்ளை தன்னைப் புரிந்துகொள்ளவும், இழப்பில் வாடுகிற பிள்ளை மனம் திறக்கவும் புத்தகம் உதவுமா? புலவர்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் நெடுங்காலமாக இதற்கு விடை சொல்லி வந்திருக்கிறார்கள். அந்த விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. நீதி சொன்னால் போதும் என்றார்கள். மகிழ்ச்சி தந்தால் போதும் என்றார்கள். பிறகு கதையையே மருந்தாக்கப் பார்த்தார்கள். இன்றோ தன்னம்பிக்கைக்கும் உணர்வுகளுக்கும் என்றே தனியாகக் குழந்தை நூல்கள் எழுதப்படுகின்றன.

மும்பைத் தமிழ்க் குழந்தையை முன்னிறுத்தினால் இந்தப் பழைய விவாதம் கூர்மை பெறுகிறது. மாட்டுங்காவில் 1932-இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. அங்கிருந்து நடந்துபோகும் தொலைவில் தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் வேலையில் சேர்ந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே வளர்கிறார்கள். கிழக்கே செம்பூரைத் தாண்டினால் தேவனாரில் டாடா சமூக அறிவியல் நிறுவனம். இந்தியாவின் முதல் குழந்தை வழிகாட்டு மையத்தை 1937-இல் இதே மும்பையில் தொடங்கிய நிறுவனம் அது. சில கிலோமீட்டர் சுற்றளவுக்குள் வசதியான வாசகர், புத்தகமே இல்லாத வீடு, குழந்தை மனநலத்தின் நீண்ட வரலாறு மூன்றும் இருக்கின்றன. எந்த விடை யாருக்குப் பொருந்தும் என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான இடம் அரிது.

நீதி சொல்லி வளர்த்தல்

மிகப் பழைய விடை நீதி நூல்களுடையது. ஆத்திசூடியும் கொன்றை வேந்தனும் திண்ணைப் பள்ளி முதல் இன்றைய வகுப்பறை வரை எழுத்தோடு ஒழுக்கத்தையும் கற்பித்து வந்துள்ளன. பஞ்சதந்திரத்தின் தொடக்கமே ஒரு கல்விச் சோதனைதான்: மந்தபுத்தி என்று கைவிடப்பட்ட அரசகுமாரர்களை விஷ்ணுசர்மன் கதை சொல்லியே தேற்றுகிறார். அந்த நூலைத் தாண்டவராய முதலியார் மராத்தியிலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்தார். 1826-இல் அது அச்சேறியது. மராத்தியும் தமிழும் கலந்து புழங்கும் தாராவிக்கு இந்த வரலாறு அந்நியமானதாக இருக்க முடியாது.

இந்த மரபுக்குள்ளிருந்தே அதைத் திருப்பிப் போட்டவர் பாரதியார். ஔவையின் ஆத்திசூடி அறத்தில் தொடங்குகிறது. பாரதியின் புதிய ஆத்திசூடி அச்சத்தை விடச் சொல்லித் தொடங்குகிறது. குழந்தையின் அடக்கத்தை விடத் துணிவை முதல் பாடமாக்கியது தமிழ்ச் சிறார் எழுத்தில் ஒரு பெரிய திருப்பம். ஆனால் வடிவம் மாறவில்லை. கட்டளையாகத்தான் அதுவும் குழந்தையை வந்தடைகிறது.

கட்டளையும் எச்சரிக்கையும் எவ்வளவு தூரம் வேலை செய்கின்றன? கனடாவைச் சேர்ந்த காங் லீயும் அவர் குழுவினரும் 2014-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆவலைத் தூண்டினார்கள். பிறகு ஒரு கதை சொல்லி, திரும்பிப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பொய் சொன்ன இடையன் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோ கதையும் கேட்டவர்கள் கூடுதலாக உண்மை பேசவில்லை. மரத்தை வெட்டியதை ஒப்புக்கொண்டு தந்தையின் பாராட்டைப் பெற்ற ஜார்ஜ் வாஷிங்டன் கதையைக் கேட்டவர்களிடம்தான் மாற்றம் தெரிந்தது. அதே கதையைத் தண்டனையில் முடியும்படி மாற்றியதும் அந்தப் பலன் மறைந்தது.

ஒரே ஆய்வை வைத்து நீதிக்கதை மரபு முழுவதையும் எடைபோட முடியாது. அது சோதித்தது உண்மை பேசுதலை, தன்னம்பிக்கையை அல்ல. ஆயினும் ‘புலி வருது’ கதையைப் பயமுறுத்தச் சொல்லும் பெரியவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டிய முடிவு இது.

மகிழ்ச்சியே வழி என்றவர்கள்

இரண்டாவது விடை நீதிக்கு எதிர்வினையாகப் பிறந்தது. வழக்கறிஞர் தொழிலை விட்டுக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேக்கா 1920-இல் பாவ்நகரில் பால மந்திரைத் தொடங்கினார். பாடம் புகட்டுவதற்காகக் கதை சொல்வதை அவர் ஏற்கவில்லை. கதை கேட்பதன் இன்பமே குழந்தையை வகுப்போடு பிணைக்கும் என்று நம்பினார். அவருடைய ‘திவாஸ்வப்னா’ தமிழில் ‘பகல் கனவு’ என்ற பெயரில் கிடைக்கிறது. அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் மும்பைக்காரர். 1936-இல் தாதரில் சிசு விஹார் மையத்தை அமைத்தார். மாட்டுங்காவின் பக்கத்து வட்டாரம் அது. சுதந்திரத்துக்கு முன்பே குழந்தையின் விருப்பத்தை மையமாக வைத்த கல்விச் சோதனை அங்கே நடந்துகொண்டிருந்தது.

தமிழில் இந்த மனப்போக்கின் பெரும் முகம் அழ. வள்ளியப்பா. வங்கியில் பணிபுரிந்துகொண்டே குழந்தைகளுக்காகப் பாடல்கள் எழுதிக் குவித்தார். 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்ற முன்னின்றார். 1947-இல் வரத் தொடங்கிய அம்புலிமாமாவும், பிறகு வந்த கண்ணனும், 1972-இல் பிறந்த கோகுலமும் ஊரை விட்டு வந்த மும்பைத் தமிழ்க் குடும்பங்களையும் எட்டின. படிப்பது சுகமான காரியம் என்ற எண்ணத்தை இரண்டு தலைமுறைக்கு ஊட்டிய இதழ்கள் அவை. தானே ஒரு கதையை வாசித்து முடித்த பிள்ளைக்கு வரும் பெருமிதம் தன்னம்பிக்கையின் உண்மையான ஊற்றுகளில் ஒன்று.

குறையும் இருந்தது. மகிழ்ச்சியை மட்டும் தேடிய எழுத்தில் சாவு, பொறாமை, அவமானம், குடிகாரத் தந்தையிடம் உள்ள பயம் ஆகியவற்றுக்கு இடம் குறைவு. மராத்தியில் சானே குருஜி 1933-இல் நாசிக் சிறையில் எழுதிய ‘ஷ்யாம்சி ஆயி’ அந்த வகையில் மாறுபட்டது. வறுமை, வெட்கம், தாயின் இழப்பு எல்லாம் அதில் பிள்ளையின் கண்ணீரோடு வருகின்றன. மகாராஷ்டிரத்துக் குழந்தைகள் பல தலைமுறைகளாக அதைப் படித்து அழுதிருக்கிறார்கள். அங்கும் ஒரு கேள்வி எழுகிறது: தியாகத்தின் உருவமாகவே வரையப்பட்ட அம்மா, கோபப்படுகிற சாதாரண அம்மாவைப் புரிந்துகொள்ள இன்றைய குழந்தைக்கு உதவுவாளா?

கதையை மருந்தாக்கியவர்கள்

அமெரிக்கக் கட்டுரையாளர் சாமுவேல் குரோதர்ஸ் 1916-இல் எழுதிய ஒரு கட்டுரையில் வாசிப்பைச் சிகிச்சையாகப் பேசினார். நூல்வழிச் சிகிச்சைக்கான ஆங்கிலச் சொல்லும் அதிலிருந்தே பரவியது. 1940-களின் இறுதியில் கரோலின் ஷ்ரோட்ஸ் அதற்கொரு கொள்கை அமைத்தார். வாசகர் முதலில் பாத்திரத்தோடு ஒன்றுகிறார். பிறகு அடக்கி வைத்த உணர்வு வெளியேறுகிறது. முடிவில் தன் நிலை பற்றிய தெளிவு பிறக்கிறது. உணர்வுகள் பற்றி இன்று வரும் பல நூல்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்த மூன்று படிகளை நம்பியே எழுதப்படுகின்றன.

1976-இல் புருனோ பெட்டல்ஹைம் தேவதைக் கதைகளுக்காக வாதாடிப் பெரும் செல்வாக்குப் பெற்றார். சூனியக்காரியும் கொடுமைக்காரச் சிற்றன்னையும் குழந்தையின் உள்ளே இருக்கும் பயத்துக்கு உருவம் கொடுக்கின்றன. நாயகன் வெல்லும்போது குழந்தை நம்பிக்கை பெறுகிறது என்பது அவர் வாதம். அதே பெட்டல்ஹைம், மோரிஸ் செண்டாக் 1963-இல் படைத்த ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ நூல் குழந்தைகளை அச்சுறுத்தும் என்று, அதைப் படிக்காமலே 1969-இல் குறைகூறியவர். கோபத்தில் அம்மாவிடம் கத்திவிட்டுச் சாப்பாடு இல்லாமல் அறைக்கு அனுப்பப்பட்ட சிறுவனின் கதை அது. இன்று கோபத்தைப் பற்றிய படப்புத்தகங்களில் தலையானதாக அதையே பலர் காட்டுகிறார்கள். எந்தக் கதை குழந்தைக்குக் கேடு, எது நன்மை என்று நிபுணரும் முன்கூட்டிச் சொல்லிவிட முடியாது.

பெட்டல்ஹைமின் நூல் வேறொருவர் எழுத்திலிருந்து எடுத்தாண்டது என்ற குற்றச்சாட்டைப் பின்னாளில் நாட்டார் வழக்காற்றியலாளர் ஆலன் டண்டஸ் முன்வைத்தார். அதைவிட அடிப்படையான சிக்கல், கதை அடிமனத்தில் என்ன செய்கிறது என்பதைச் சோதித்து அறிய வழியில்லாமை. மும்பையின் குழந்தை வழிகாட்டு மையம் போன்றவை வளர்த்த மரபில் கதை, விளையாட்டு, ஓவியம் எல்லாம் பயிற்சி பெற்ற ஒருவரின் கையில் உள்ள துணைக்கருவிகள். அந்த ஒருவர் இல்லாமல் புத்தகத்தை மட்டும் மருந்துச்சீட்டாக எழுதிக் கொடுப்பது வேறு காரியம்.

‘உன்னால் முடியும்’ நூல்களின் எழுச்சி

1986-இல் கலிபோர்னியா மாநிலம் தன்மதிப்பை வளர்க்க ஒரு பணிக்குழுவையே அமைத்தது. சட்டமன்ற உறுப்பினர் ஜான் வாஸ்கான்செலோஸ் அதற்குக் காரணமானவர். தன்னைப் பற்றி உயர்வாக நினைக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும், வன்முறையில் இறங்காது என்ற நம்பிக்கை அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நீ தனித்துவமானவன், உன்னால் எதுவும் முடியும் என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லும் குழந்தை நூல்களின் தோற்றுவாய் இந்த அலைதான்.

ராய் பாமைஸ்டரும் மூவரும் 2003-இல் வெளியிட்ட விரிவான மதிப்பாய்வு இந்த நம்பிக்கையை ஆட்டியது. தன்மதிப்புக்கும் மகிழ்ச்சிக்கும் தொடர்பு தெரிந்தது. தன்மதிப்பை உயர்த்தினால் மதிப்பெண் உயரும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே வேறொரு திசையைக் காட்டியிருந்தார். தன்னால் இயலும் என்ற உணர்வுக்கு அவர் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் வெல்வதைக் காண்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. இவற்றுள் வலுவானது முதலாவது. ‘உன்னால் முடியும்’ நூல்கள் பெரிதும் நம்புவதோ மூன்றாவதை.

நல்ல கதைகள் இரண்டாவதை நாடுகின்றன. சென்னை துலிகா பதிப்பகம் வெளியிட்ட, ஜாய் விட்டேக்கர் எழுதிய காளியின் கதையில், பாம்பு பிடிக்கும் இருளர் தந்தையின் மகன் புதுப் பள்ளியில் ஒதுங்கி நிற்கிறான். வகுப்பில் சாரைப்பாம்பு நுழைந்தபோது அவன் வீட்டில் கற்ற வித்தை கைகொடுக்கிறது. ஷ்ருதி ராவின் ‘மன்யா லேர்ன்ஸ் டு ரோர்’ நூலில் திக்குவாய்ச் சிறுமி பள்ளி நாடகத்தில் புலி வேடம் ஏற்க விரும்புகிறாள். இரண்டு கதைகளும் புகழ்ச்சியை நம்பியவை அல்ல. செய்கையின் ஊடாகத் துணிவு வருகிறது. காளியின் கதைக்கும் ஒரு மறுப்பு உண்டு. வித்தை காட்டினால்தான் ஒதுக்கப்பட்ட பிள்ளையை வகுப்பு ஏற்குமா? எந்த வித்தையும் தெரியாத பிள்ளை என்ன செய்யும்?

முயற்சியைப் பாராட்டுவதா, அறிவைப் பாராட்டுவதா என்ற விவாதமும் இங்கே சேர்கிறது. கிளாடியா முல்லரும் கேரல் ட்வெக்கும் 1998-இல், கெட்டிக்காரன் என்று புகழப்பட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பின் எளிதில் சோர்ந்ததைக் காட்டினார்கள். இதிலிருந்து வளர்ந்த ‘வளரும் மனப்பான்மை’ கருத்தைச் சொல்லும் சிறார் நூல்கள் ஏராளம். 2018-இல் சிஸ்க் முதலானோர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது ஒட்டுமொத்தப் பலன் சிறிதாகவே இருந்தது. வசதி குறைந்த மாணவர்களுக்குச் சற்றுக் கூடுதல் பலன் இருக்கலாம் என்ற குறிப்பும் கிடைத்தது. தாராவியைப் பொறுத்தவரை அந்தக் குறிப்பு கவனிக்கத்தக்கது. அதன்மேல் பெரிய நம்பிக்கை வைப்பதற்குச் சான்று போதாது.

உணர்வுக்குப் பெயர் சூட்டும் நூல்கள்

பீட்டர் சலோவியும் ஜான் மேயரும் 1990-இல் முன்வைத்து, டேனியல் கோல்மன் 1995-இல் உலகறியச் செய்த உணர்வறிவு என்ற கருத்து இன்னொரு நூல் வகையைப் பிறப்பித்தது. ஸ்பெயினின் அன்னா லெனாஸ் 2012-இல் உருவாக்கிய வண்ண அரக்கன் கதை அதன் புகழ்பெற்ற உதாரணம்: மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். டெல்லி அரசு 2018-இல் தன் பள்ளிகளில் ‘மகிழ்ச்சிப் பாடத்திட்டம்’ கொண்டுவந்தபோது கதைகளுக்கு அதில் முக்கிய இடம் கிடைத்தது.

இந்த நிலைப்பாட்டுக்குச் சான்று உண்டு. ஜோசப் டர்லாக் குழுவினர் 2011-இல் 213 பள்ளித் திட்டங்களையும் 2,70,034 மாணவர்களையும் தொகுத்து ஆராய்ந்தபோது, சமூக, உணர்வுத் திறன்களோடு படிப்பிலும் முன்னேற்றம் தெரிந்தது. ஆனால் அவை முழுத் திட்டங்கள். ஆசிரியர் பயிற்சி, பழகும் முறை, வகுப்புச் சூழல் எல்லாம் அடங்கியவை. புத்தகத்தின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க முடியாது.

எதிர்பாராத ஒரு முடிவும் இருக்கிறது. ஜோன் பெஸ்கினும் ஜேனட் ஆஸ்டிங்டனும் 2004-இல், மனநிலையைச் சுட்டும் சொற்களை வேண்டுமென்றே நிறையச் சேர்த்த கதைகளைக் குழந்தைகளுக்குப் படித்துக் காட்டச் செய்தார்கள். குழந்தைகள் அந்தச் சொற்களைக் கூடுதலாகப் பேசினார்கள். பிறர் மனத்தில் இருப்பதை ஊகிப்பதில் அதனால் முந்திவிடவில்லை. அந்த ஆய்வு பார்த்தது எண்ணங்களைக் குறிக்கும் சொற்களை. கோபம், துக்கத்துக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லிவிடும் கதையை விட, பாத்திரத்தின் முகத்தைப் பார்த்துக் குழந்தையே ஊகிக்க இடம் விடும் கதை மேலானதாக இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு அது வலு சேர்க்கிறது. நல்ல படக்கலைஞர்கள் இதை நெடுநாளாக அறிந்திருக்கிறார்கள்.

யாருடைய முகம், யாருடைய வீடு

அமெரிக்கச் சிறார் நூல்களில் வெள்ளையரைத் தவிர வேறு பிள்ளைகளைக் காணோமே என்று நான்சி லாரிக் 1965-இல் எழுதினார். ருடின் சிம்ஸ் பிஷப் 1990-இல் அந்தக் கவலையைக் கொள்கையாக்கினார்: குழந்தைக்கு நூல் தன்னைக் காட்டும் கண்ணாடியாகவும் பிறரைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்கவேண்டும்.

இந்தியாவில் இதே கேள்வியைச் சாதியோடும் வர்க்கத்தோடும் இணைத்துக் கேட்டது ஹைதராபாத்தின் அன்வேஷி ஆய்வு மையம். 2008-இல் அது வெளியிட்ட மாறுபட்ட கதைகளின் வரிசையில் தலித், முஸ்லிம் வீடுகளின் குழந்தைகள் பரிதாபத்துக்குரியவர்களாக வரவில்லை; அவர்களின் சமையலும் விளையாட்டும் பள்ளி அனுபவமும் இயல்பாகக் கதையாயின. சாகர் கோல்வங்கர் எழுதி வரைந்த ‘மை நேம் இஸ் குலாப்’ நூலில் துப்புரவுத் தொழிலாளியின் மகளை வகுப்புப் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள்; அவள் கண்டுபிடிப்பால் பதில் சொல்கிறாள். தோல் வேலையும் துப்புரவு வேலையும் செய்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் தாராவி வகுப்பறையில் இப்படியொரு நூல் என்ன பேச்சைக் கிளப்பும் என்று எண்ணிப் பார்க்கலாம். வெட்கத்துக்கான காரணம் பிள்ளையின் மனத்தில் இல்லை, பிறர் பார்வையில் இருக்கிறது என்று காட்டுவதுதான் இவ்வகை நூலின் பலம். தன்மதிப்பு நூல்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை.

தமிழில் நிலைமை மெலிவானது. தாராவி திரைப்படத்தில் அடிக்கடி வருகிறது. தமிழ்ப் படப்புத்தகத்தில் அரிது. மாடி வீட்டுக்கு இரும்பு ஏணியில் ஏறுகிற பிள்ளையும், வீட்டிலேயே தைக்கிற அம்மாவுக்கு உதவுகிற பிள்ளையும், தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து சண்டை போடுகிற பிள்ளையும் நாயகராகும் தமிழ் நூலைத் தேடித்தான் பிடிக்கவேண்டும்.

விலங்குக் கதைகள் இந்த வேறுபாட்டைக் கடந்துவிடும் என்று சிலர் வாதிடுவார்கள். முயலுக்குச் சாதி இல்லை. ஆனால் நிக்கோல் லார்சன், காங் லீ, பாட்ரிசியா கானியா மூவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், பகிர்தல் பற்றிய கதையை மனிதப் பாத்திரங்களோடு கேட்ட நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளே பிறகு கூடுதலாகப் பகிர்ந்தார்கள். விலங்குகளை வைத்துச் சொன்ன அதே கதை அந்தப் பலனைத் தரவில்லை. பஞ்சதந்திரத்தில் ஊறிய மண்ணிலும் இப்படித்தானா என்பது சோதிக்கப்பட வேண்டியது.

கண்ணாடி வாதத்துக்கும் எல்லை உண்டு. குடிசைப் பிள்ளைக்குக் குடிசைக் கதை என்று ஒதுக்கினால், அதுவும் ஒரு வேலியாகிவிடும். தாராவிப் பிள்ளைக்குக் கடலடியும் விண்வெளியும் டோக்கியோவும் வேண்டும். தெத்சுகோ குரோயநாகி 1981-இல் எழுதிய டோட்டோ-சான் தமிழில் இத்தனை வாசகரைப் பெற்றதற்கு ஜப்பானியப் பள்ளி இங்குள்ளதைப் போல இருந்தது காரணமாக இருக்க முடியாது. அடங்காத பிள்ளை என்று ஒரு பள்ளி வெளியே அனுப்பிய சிறுமியை, மணிக்கணக்கில் பேசவிட்டுக் கேட்கிறார் தலைமையாசிரியர் கொபயாஷி. அந்த உணர்வு எல்லை கடக்கிறது.

மௌனத்தை உடைக்கும் கதைகள்

உணர்வைப் புரிந்துகொள்வது சில வேளைகளில் பாதுகாப்புக் காரியம். மத்திய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் எடுத்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 53.22 விழுக்காடு பிள்ளைகள் ஏதோ ஒரு வகைப் பாலியல் அத்துமீறலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இந்த இருளைத் தமிழ்ச் சிறார் நாவலுக்குள் கொண்டுவந்தது. 2020-இல் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் விருது பெற்றது. பெரியவரிடம் சொல்ல முடியாததைச் சிறுமி மரப்பாச்சிப் பொம்மையோடு பேசுகிறாள். கொலுவில் வைக்கும் பொம்மையே தோழியாவதால், கதை தமிழ் வீட்டுக்குள் இயல்பாக நுழைகிறது.

இங்கே புத்தகத்தின் பொறுப்பு கூடுகிறது. படித்த பிள்ளை வாய் திறந்தால் கேட்பதற்கு ஒருவர் வேண்டும். மும்பையில் அதற்கான ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை: 1098 என்ற குழந்தைகள் உதவி எண் 1996-இல் டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் களப்பணியாக இந்நகரில்தான் பிறந்தது, ‘அர்ப்பண்’ அமைப்பு பள்ளிகளில் தன் பாதுகாப்புக் கல்வி நடத்துகிறது. நூலும் இத்தகைய ஏற்பாடும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கினால், மௌனத்தை உடைத்த குழந்தை மீண்டும் தனித்து நிற்க நேரிடும்.

எந்த மொழியில் அழுவது

மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழ் அவற்றில் ஒன்று. இருந்தும் தமிழ் பேசத் தெரிந்து, தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் மாட்டுங்கா, செம்பூர் அடுக்குமாடிகளிலும் தாராவியின் ஆங்கிலவழிப் பள்ளிகளிலும் வளர்ந்து வருகிறார்கள். இவர்களுக்கான உணர்வுக் கதை எந்த மொழியில் இருக்கவேண்டும்?

தாய்மொழியே வேண்டும் என்போருக்கு ஒரு சான்று இருக்கிறது. கேத்தரின் ஹாரிஸ் குழுவினர் 2003-இல் துருக்கிய மொழியும் ஆங்கிலமும் அறிந்தவர்களைச் சோதித்தபோது, சிறுவயதில் கேட்ட திட்டுகளுக்கு உடல் தாய்மொழியில்தான் கூடுதலாகப் பதறியது. அவரே அடுத்த ஆண்டு வெளியிட்ட ஆய்வு அதற்கு வரம்பு கட்டியது: இளம் வயதிலேயே இரண்டாம் மொழியை வாழ்ந்து கற்றவர்களிடம் அந்த வேறுபாடு தெளிவாக இல்லை. தாராவிச் சந்தில் மூன்று மொழிகளில் ஓடியாடும் பிள்ளை இரண்டாவது வகைக்கு நெருக்கமானது. அதன் கோபம் ஒரு மொழியிலும், பயம் வேறொரு மொழியிலும் வெளிப்படக்கூடும்.

நடைமுறையில் இரு வழிகள் திறந்திருக்கின்றன. 1996-இல் தொடங்கிய துலிகா இருமொழி நூல்களை வளர்த்தது. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகள் விலையின்றிக் கிடைக்கின்றன. அதன் தாய் அமைப்பான பிரதம், 1995-இல் மும்பையின் குடிசைப் பகுதிப் பால்வாடிகளில் தொடங்கியது. எழுத்துத் தெரியாத பிள்ளைக்குப் பாட்டியோ அண்ணனோ வாய்விட்டுப் படித்துக் காட்டினால், எழுத்து ஒரு தடையாக இருக்காது.

உடன் இருந்து படிப்பவர்

இத்தனை நிலைப்பாடுகளிலும் அதிகம் பேசப்படாமல் நிற்பவர் படித்துக் காட்டும் பெரியவர். குரோவர் வைட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-லேயே, கேள்வி கேட்டுப் பதில் வாங்கி உரையாடிப் படிப்பது குழந்தையின் மொழியை வளர்ப்பதைக் காட்டினார்கள். சீலியா பிரவுனல் குழுவினர் 2013-இல் இன்னும் நுட்பமான ஒன்றைக் கண்டார்கள். படப்புத்தகம் பார்க்கும்போது பாத்திரத்தின் உணர்வைத் தாங்களே விளக்கிவிடாமல், இவன் ஏன் அழுகிறான் என்று பிள்ளையைச் சொல்லவைத்த பெற்றோரின் குழந்தைகள் உதவுவதிலும் பகிர்வதிலும் முன்னே நின்றார்கள். எது காரணம், எது விளைவு என்று இவ்வகை ஆய்வால் முடிவாகச் சொல்ல இயலாது. பெஸ்கினும் ஆஸ்டிங்டனும் கண்டதோடு இது ஒரே திசையில் செல்வது மட்டும் தெளிவு.

குழந்தையின் துணிவைக் காக்கும் தமிழ் நூல்களில் சில பெரியவர்களுக்கே எழுதப்பட்டிருப்பது தற்செயலாகத் தோன்றவில்லை. இரா. நடராசனின் ‘ஆயிஷா’ கேள்வி கேட்கும் மாணவியை நொறுக்கும் பள்ளியைக் காட்டி ஆசிரியர்களை உலுக்கியது. ‘பகல் கனவு’ நூலையும் ஆசிரியர்களே விரும்பிப் படிக்கிறார்கள். பிள்ளையின் தன்னம்பிக்கையைக் கூட்டுவதற்கு முன் அதைக் குறைக்காமல் இருக்கவேண்டும் என்பது இந்த நூல்களின் உட்பொருள்.

பெரியவரின் நேரம் எல்லா வீட்டிலும் சமமாகக் கிடைப்பதில்லை. செம்பூரில் படுக்கைநேரக் கதைக்கு அரைமணி ஒதுக்கும் தாய் இருக்கலாம்; தாராவியில் அதே நேரத்தில் தையல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும். 1975 அக்டோபர் 2 அன்று நாட்டில் 33 இடங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தில் தாராவியும் இடம்பெற்றது. அரை நூற்றாண்டு வேரோடிய அந்த அங்கன்வாடிகளும், மாநகராட்சிப் பள்ளிகளும், சங்கங்களின் வாசகசாலைகளும் படித்துக் காட்டும் இடங்களாவது வீட்டுக்கு வெளியே உள்ள நடைமுறை வழி. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் நடக்கும் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் அமைத்த சிறு நூல்கள் மும்பையின் தமிழ் வகுப்புகளுக்கும் பயன்படக்கூடியவை.

இன்றைய நிலையில் ஒரு மதிப்பீடு

சான்றுகளைச் சேர்த்துப் பார்த்தால் சில முடிவுகளைத் தயக்கத்தோடு முன்வைக்கலாம். பயமுறுத்தும் நீதியை விட, நல்லது செய்தவர் மதிக்கப்படும் கதைக்குக் கூடுதல் பலன் தெரிகிறது. வெறும் புகழ்ச்சியை விட, ஒரு பாத்திரம் தட்டுத்தடுமாறிச் செய்து காட்டும் கதை தன்னம்பிக்கை பற்றிய அறிவோடு பொருந்துகிறது. உணர்வுக்குப் பெயர் சொல்லிக் கொடுப்பது பயனுள்ளதுதான். ஊகிக்க இடம் விடுவதும், ஊகித்ததைப் பேச ஒருவர் பக்கத்தில் இருப்பதும் அதைவிட வலுவாகத் தோன்றுகின்றன. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்குத் தன் வீடும் தொழிலும் தெருவும் அச்சில் மரியாதையோடு வருவது, எந்த ஊக்க வாசகமும் தர முடியாத ஒன்றைத் தரக்கூடும்.

தீராதவையும் பல. மேலே சொன்ன ஆய்வுகளில் பெரும்பாலானவை வட அமெரிக்கக் குழந்தைகளைப் பற்றியவை. கூட்டுக் குடும்பத்திலும் பத்துக்குப் பத்து அறையிலும் வளரும் பிள்ளையிடம் அவை எவ்வளவு செல்லும் என்பது திறந்த கேள்வி. அளக்கப்பட்ட பலன்கள் பெரும்பாலும் சில நாட்களுக்கோ வாரங்களுக்கோ உரியவை. பத்து வயதில் படித்த கதை இருபது வயதில் என்ன செய்கிறது என்பதை அளப்பது கடினம். பல மொழிகளில் ஒரே நேரத்தில் வளரும் குழந்தையின் உணர்வு வாழ்க்கை இன்னும் போதிய அளவு ஆராயப்படவில்லை. தாராவி மறுசீரமைப்புத் திட்டம் நகரும் இந்நாட்களில், பிறந்த தெருவை விட்டுப் போக நேரிடும் பிள்ளைகளின் அச்சத்துக்கும் கோபத்துக்கும் தமிழில் என்ன நூல் இருக்கிறது என்ற கேள்வியும் காத்திருக்கிறது. மனநலத் துறையினரும் சிறார் எழுத்தாளர்களும் மாநகராட்சித் தமிழ் ஆசிரியர்களும் சேர்ந்து ஒரு சில நூல்களைச் சில வகுப்புகளில் படித்துக் காட்டி, நடந்ததைப் பதிவு செய்தாலே இவற்றில் சிலவற்றுக்கேனும் இந்த மண்ணிலிருந்து தரவுகள் கிடைக்கத் தொடங்கும்.